ஃபைல் உங்களுடையது... சாவி யாரிடம்? பிரவுசருக்குள் குடியேறும் அன்றாட வேலைகள்

2025 ஜூலை 22-ம் தேதி. நயாரா எனர்ஜி ஊழியர்களால் அவுட்லுக் மெயிலுக்குள் நுழைய முடியவில்லை. டீம்ஸும் திறக்கவில்லை. குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்க்குகள் என இயங்கும் நிறுவனம் அது. சர்வர் பழுதாகவில்லை, ஹேக்கர்கள் புகவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சேவையை நிறுத்தியிருந்தது.

காரணம், அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு ஐரோப்பிய யூனியன் அறிவித்த 18-வது தடைத் தொகுப்பு. நயாராவில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49.13% பங்கு இருப்பதால், அதன் பெயரும் பட்டியலில் சேர்ந்தது. தடை போட்டது ஐரோப்பா, மென்பொருள் கொடுத்தது அமெரிக்க நிறுவனம், நயாரா இயங்குவது இந்தியாவில். ஆனாலும் மெயில் நின்றது. பணம் கட்டி வாங்கிய உரிமம் கையில் இருந்தும் தங்கள் சொந்தத் தரவையே தொட முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைப்பட்ட நாட்களில் ரீடிஃப் மெயிலுக்கு மாறிக்கொண்டது. ஜூலை 30-ல் சேவை திரும்பியது.

எட்டு நாள் கதைதான். ஆனால், வேர்டு, எக்ஸெல், ஃபோட்டோஷாப் என்று கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒன்று நடந்திருக்காது. சிடி போட்டு ஏற்றிய எக்ஸெல்லை வெளிநாட்டில் யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து மூட முடியாது. இன்றைக்கு ஆபீஸ் வேலை முதல் ரெஸ்யூமே, வீட்டு பட்ஜெட், கல்யாணப் பத்திரிகை டிசைன் வரை எல்லாமே பிரவுசர் டேபுக்குள் வந்துவிட்டன. வசதி உண்மை. அந்த வசதிக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

இந்த மாற்றம் எப்போது ஆரம்பிச்சது?

ஒரே நாளில் நடக்கவில்லை. 1996-ல் ஹாட்மெயில் வந்தபோதே மெயிலுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை என்றாகிவிட்டது. 2004 ஏப்ரல் 1-ல் கூகுள் 1 ஜிபி இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது பலர் அதை ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே நினைத்தார்கள். அடுத்த கட்டம் ஆவணங்கள். 2005-ல், அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த நிறுவனம் ஜோஹோ ரைட்டரை வெளியிட்டது. 2006-ல் கூகுள் ‘ரைட்லி’ என்ற சின்ன நிறுவனத்தை வாங்கியது. அதுதான் பின்னாளில் கூகுள் டாக்ஸ். 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 365 வந்தது. 2013-ல் அடோபி, ‘இனி ஃபோட்டோஷாப்பைப் புது வெர்ஷனாக விலை கொடுத்து வாங்க முடியாது, மாதச் சந்தாதான்’ என்றது.

அதுவரை பிரவுசரால் கனமான வேலை செய்ய முடியாது என்ற எண்ணம் இருந்தது. அதை உடைத்தது வெப்அசெம்ப்ளி என்ற தொழில்நுட்பம். சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய மென்பொருளை ஏறத்தாழ அதே வேகத்தில் பிரவுசருக்குள் ஓடவைக்கும் வழி இது. 2017-ல் முக்கியமான பிரவுசர்கள் எல்லாம் இதை ஏற்றுக்கொண்டன. 2023-ல் ஃபோட்டோஷாப்பே பிரவுசருக்குள் முறைப்படி வந்துவிட்டது.

இப்போது இந்தப் பேச்சு மீண்டும் சூடாக இருக்க இன்னொரு காரணம், விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கடைசி. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பழைய லேப்டாப்களில் அது இல்லை. ‘எல்லா வேலையும் குரோமில்தான் நடக்குது, அப்புறம் எதுக்குப் புது லேப்டாப்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸை 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய பிறகு அந்த லேப்டாப், ஏறக்குறைய, ஒரு பிரவுசர் மட்டும்தான்.

பிரவுசர்ல திறக்கிறது எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். வெளியில் எல்லாமே ஒரே மாதிரி டேபாகத் தெரிந்தாலும், உங்கள் ஃபைல் எங்கே போகிறது என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

ஃபோட்டோபீ என்று ஒரு தளம் இருக்கிறது. பார்க்க ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கும், பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஆனால் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை; உங்கள் கணினியின் ரேமிலேயே, பிரவுசருக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது. பக்கம் முழுசா லோட் ஆன பிறகு வைஃபையை அணைத்தாலும் வேலை தொடரும். பெயரளவில் வெப் ஆப். நடைமுறையில் அது டெஸ்க்டாப் மென்பொருள்தான்.

கூகுள் டாக்ஸ், ஜோஹோ ரைட்டர், கேன்வா, ஃபிக்மா எல்லாம் வேறு வகை. உங்கள் வேலையின் அசல் பிரதி அவர்கள் சர்வரில் இருக்கிறது. உங்கள் திரையில் தெரிவது அதன் ஒரு காட்சி. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. கூகுள் டிரைவை கணினியில் ஒரு ஃபோல்டராக வைத்திருப்பவர்கள், அதில் இருக்கும் ஒரு கூகுள் டாக்ஸ் ஃபைலைப் பென்டிரைவுக்குக் காப்பி செய்து பாருங்கள். அதன் அளவு ஒரு கேபி கூட இருக்காது. 40 பக்க ரிப்போர்ட்டாக இருந்தாலும் அப்படித்தான். காரணம், அதற்குள் நீங்கள் எழுதிய ஒரு வரி கூட இல்லை. கூகுள் சர்வரில் அது இருக்கும் முகவரி மட்டும்தான் இருக்கிறது. ‘பென்டிரைவ்ல பேக்கப் எடுத்து வச்சிட்டேன்’ என்று நிம்மதியாக இருப்பவர்களில் சிலர் உண்மையில் எடுத்து வைத்திருப்பது ஒரு லிங்க்கை.

மூன்றாவது வகை, நம் ஊரில் அதிகம் புழங்குவது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஃபோட்டோ இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், சான்றிதழ் பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும் என்பார்கள். உடனே கூகுளில் தேடி, முதலில் வரும் கன்வெர்ட்டர் தளத்தில் ஃபைலைப் போடுவோம். ஆதார், பான், மார்க் ஷீட், சம்பளச் சீட்டு என்று அடையாளத் திருட்டுக்குத் தேவையான மொத்த செட்டும் இப்படித்தான் யாரென்றே தெரியாத சர்வர்களுக்குப் போகிறது. பிரபலமான தளங்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஃபைலை அழித்துவிடுவதாகச் சொல்கின்றன. அழிக்கிறார்களா என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் இந்த இலவச கன்வெர்ட்டர் தளங்களைப் பற்றித் தனியாக எச்சரிக்கையே விட்டது. சில போலித் தளங்கள் கேட்ட ஃபைலை மாற்றிக் கொடுத்துவிட்டு, கூடவே மால்வேரையும் ஏற்றிவிடுகின்றன என்பதுதான் அதன் சாரம்.

பிடிஎஃப் ஆக மாற்றுவதற்கு எந்தத் தளமும் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பெயருக்குப் பதில் பிடிஎஃப் என்பதைத் தேர்வு செய்தால் போதும்.

அப்போ டெஸ்க்டாப்பே பெஸ்ட்டா?

அப்படியும் சொல்ல முடியாது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்பதற்காக நான்கு வருட வேலையை இழந்தவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்று ஒரே ஃபைலுக்கு ஏழு பெயர் வைத்து மெயிலில் சுற்றவிட்ட காலத்துக்கு யாரும் திரும்பிப் போக விரும்ப மாட்டார்கள். நான்கு பேர் நான்கு ஊரில் உட்கார்ந்து ஒரே ஷீட்டில் டைப் செய்வது, நேற்று மாலை 4 மணிக்கு இருந்த வடிவத்துக்குத் திரும்பிப் போவது, லேப்டாப் திருடு போனாலும் வேலை திருடு போகாமல் இருப்பது... இதெல்லாம் பிரவுசர் கொடுத்த வரம். பைரேட்டட் சிடியில் வாங்கிய ஆபீஸும், அதோடு இலவச இணைப்பாக வரும் வைரஸும் நம் ஊரில் குறைந்ததற்கு இந்த இலவச வெப் ஆப்களும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

தமிழுக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. யூனிகோடில் இல்லாத எழுத்தை வெப்பில் எல்லோருக்கும் காட்டுவது சிரமம் என்பதால், வெப் வளர வளரத் தமிழ் யூனிகோடும் வளர்ந்தது. இன்று ஃபோனில் டைப் செய்த தமிழ், கூகுள் டாக்ஸில், ஜோஹோவில், வாட்ஸ்அப்பில் எங்கே ஒட்டினாலும் தமிழாகவே இருக்கிறது. பாமினி ஃபான்ட் இருந்தால்தான் படிக்க முடியும் என்ற நிலையிலிருந்து இங்கே வந்திருக்கிறோம்.

ஆனால் ஒரு டிடிபி சென்டருக்குப் போய்ப் பாருங்கள், கதை வேறு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் விழா அழைப்பிதழ் அடிக்கும் கடைகளில் பேஜ்மேக்கரை இன்னும் பார்க்கலாம். அதன் கடைசிப் பெரிய வெர்ஷன் 7.0 வெளியானது 2001-ல். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் கல்லூரியையே முடித்துவிட்டார்கள். கடைக்காரர் சோம்பேறித்தனத்தால் அதை வைத்திருக்கவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்தின் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். 20 வருடமாகச் சேர்ந்த டிசைன்கள், அழகழகான அலங்கார எழுத்துகள் எல்லாமே அந்த முறையில் இருக்கின்றன. அந்த வரிகளை அப்படியே எடுத்து கூகுள் டாக்ஸில் ஒட்டினால் ‘திருமண அழைப்பிதழ்’ என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கந்தலாக வந்து விழும். கன்வெர்ட்டர் வைத்து யூனிகோடுக்கு மாற்றலாம். ஆனால் லேஅவுட்டை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். முகூர்த்த சீசனில் யாருக்கு நேரம்?

கணக்கு வேலையிலும் டெஸ்க்டாப் அசையாமல் இருக்கிறது. டேலியை நம்பி இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களில் டேட்டா இன்னும் அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. நெட் போனாலும் பில் போடலாம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் பிரவுசரில்தான். ஆனால் அதிக பில் உள்ளவர்களுக்காக ஜிஎஸ்டி போர்ட்டலே ஒரு ஆஃப்லைன் டூலைக் கொடுத்திருக்கிறது: கணினியில் தயார் செய்து, ஃபைலாக மாற்றி, கடைசியில் மட்டும் அப்லோடு. இரண்டு உலகையும் கலந்து வேலை பார்க்க இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

எக்ஸெல்லையும் விட்டுவிட முடியாது. டெஸ்க்டாப் எக்ஸெல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளைத் தாங்கும். கூகுள் ஷீட்ஸின் உச்சவரம்பு மொத்தமாக 1 கோடி செல்கள். 20 காலம் உள்ள டேபிள் என்றால் 5 லட்சம் வரிகளோடு முடிந்தது. அதற்கு முன்பே அது திணற ஆரம்பித்துவிடும் என்பது டேட்டா வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

தொலைவது ஃபைல் இல்லை, கணக்கு

முன்பு நமக்கு இருந்த பயம் ஃபைல் தொலைவது. பிரவுசர் காலத்தில் ஃபைல் தொலைவது அபூர்வம். தொலைவது கணக்கு. அது போனால் ஃபைல்கள் எல்லாம் மொத்தமாகப் போகும்.

இதற்கு 2022-ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்த ஒரு சம்பவம் போதும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, உடம்பு சரியில்லாத தன் சின்னக் குழந்தையைக் காட்ட, பாதிக்கப்பட்ட இடத்தை ஃபோட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். அந்தப் படம் ஃபோனிலிருந்து தானாக கூகுள் கணக்குக்கும் ஏறியது. கூகுளின் தானியங்கி அமைப்பு அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படம் என்று முடிவு செய்து கணக்கை மூடியது. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், தொடர்பு எண்கள், மகனின் முதல் வருடப் படங்கள் எல்லாம் போயின. ஃபோன் நம்பரும் கூகுளின் சேவையில்தான் இருந்தது என்பதால் அதுவும் போனது. நம்பர் போனதால் மற்ற தளங்களுக்கு ஓடிபி வாங்கவும் முடியவில்லை.

இது அரிதிலும் அரிதான சம்பவம். ஆனால் கணக்கு போவதற்கு இவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை. கல்லூரி கொடுத்த மெயில் ஐடியில் ப்ராஜெக்ட், போர்ட்ஃபோலியோ, நண்பர்களோடு எடுத்த படங்கள் என்று நான்கு வருட வாழ்க்கையை ஏற்றி வைத்திருப்போம். படிப்பு முடிந்து சில மாதங்களில் ஐடியை மூடிவிடும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆபீஸ் ஐடி இன்னும் மோசம்: வேலையை விட்ட அன்று மாலையே லாகின் நின்றுவிடும். அந்த டிரைவில் உங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தமோ வருமான வரி ஃபைலோ இருந்தால், இனி அதைத் திறக்க அட்மினைத்தான் கெஞ்ச வேண்டும். அதுவரை அட்மின் நினைத்தால் அதைத் திறந்து பார்க்கவும் முடியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

சும்மா இருந்தாலும் போகும். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்குகளை அழிக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. 15 ஜிபி இலவச இடம் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. அது நிறைந்தால் படம் ஏறாது என்பதோடு நிற்காது, மெயிலே வராது. இன்டர்வியூ அழைப்பு வராமல் போனதற்கு, போன வருட டூர் வீடியோ காரணமாக இருக்கலாம்.

‘நான் டெஸ்க்டாப் வேர்டுதான் யூஸ் பண்றேன், எனக்குப் பிரச்சினை இல்ல’ என்பவர்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. புது விண்டோஸ் லேப்டாப்பை ஆன் செய்து ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. அது நிறைந்ததும் ‘இடம் வாங்குங்கள்’ என்ற அறிவிப்பு வர ஆரம்பிக்கும். வாடகை வீட்டுக்குக் குடிபோனதே தெரியாமல் வாடகை நோட்டீஸ் வருவது மாதிரி.

வாடகை ஏறினா என்ன பண்றது?

ஏறும். ஆஸ்திரேலியாவில் மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல் திட்டத்தின் ஆண்டுச் சந்தா 109 டாலரிலிருந்து 159 டாலரானது. கேட்காமலே கோபைலட் என்ற ஏஐ வசதியைச் சேர்த்து, விலையை 45% ஏற்றினார்கள். கோபைலட் இல்லாத பழைய விலைத் திட்டமும் இருந்தது. ஆனால் சந்தாவை ரத்து செய்யப் போனால்தான் அது கண்ணில் படும். சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களை இப்படித் தவறாக வழிநடத்தியதாக அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்கு போட்டது. சிடியில் வாங்கிய ஆபீஸ் 2007-க்கு யாரும் வந்து கூடுதல் காசு கேட்டதில்லை. புது வசதி வராது, அவ்வளவுதான்.

வீட்டு ஓனர் காசு கேட்காவிட்டாலும், சில நேரம் கதவு திறக்காது. 2025 அக்டோபர் 20, நமக்கு தீபாவளி. அன்று மதியம் அமேசானின் ஏடபிள்யூஎஸ் சேவை, அமெரிக்காவின் வட வர்ஜீனியா மையத்தில் ஏற்பட்ட டிஎன்எஸ் கோளாறால் சரிந்தது. ஸ்னாப்சாட், டுவோலிங்கோ, கேன்வா என்று வரிசையாக முடங்கின. கேன்வாவில் தீபாவளி வாழ்த்து போடலாம் என்று உட்கார்ந்தவருக்கு வர்ஜீனியா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அவர் டிசைன் திறக்காததற்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

ஜோஹோவுக்கு மாறினா தீர்வா?

நயாரா விவகாரத்துக்குப் பிறகு டெல்லியில் வேகம் கூடியது. செப்டம்பர் 22-ல் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஆவணம், ஷீட், பிரசென்டேஷன் எல்லாவற்றுக்கும் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். அக்டோபர் தொடக்கத்தில் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஜோஹோ ஆபீஸ் தொகுப்பைப் பயன்படுத்தச் சொன்னது. அக்டோபர் 8-ல் உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மெயிலுக்கு மாறினார். சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மெயில் கணக்குகள் ஜோஹோ உருவாக்கிய தளத்துக்கு நகர்ந்திருப்பதாகவும் அப்போது செய்தி வெளியானது. முகவரியின் வால் பகுதி மாறவில்லை. பின்னால் ஓடும் இயந்திரம் மாறியது.

சென்னையிலும் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்யும். பெருமையைத் தாண்டி, நடைமுறை வித்தியாசமும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் எடுத்த ஒரு முடிவுக்காக இந்திய நிறுவனம் ஒன்று உங்கள் மெயிலை மூடும் வாய்ப்பு மிகக் குறைவு. தகராறு வந்தால் இந்திய நீதிமன்றத்தில் இந்தியச் சட்டப்படி கேட்கலாம். ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தனிமனிதருக்கு? வீட்டு ஓனர் நம்ம ஊர்க்காரராக இருந்தாலும் வாடகை வீடு வாடகை வீடுதான். கணக்கு மூடப்படலாம், விலை ஏறலாம், சர்வர் படுக்கலாம் என்ற மூன்றும் எந்த நாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். ‘சுதேசி’ என்ற முத்திரை இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இதே கவலைக்கு வேறு விடை தேடியது. சுமார் 30,000 அரசு ஊழியர்களின் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸை எடுத்துவிட்டு லிப்ரெஆபீஸுக்கு மாறுவதாக 2024-ல் அறிவித்தது. லிப்ரெஆபீஸ் இலவசம், ஓப்பன் சோர்ஸ், முக்கியமாக அது கணினியில் இன்ஸ்டால் செய்யும் மென்பொருள். உலகமே பிரவுசருக்குப் போகும்போது ஓர் அரசாங்கம் சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்ள டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தமிழ் யூனிகோடும் லிப்ரெஆபீஸில் நன்றாகவே ஓடுகிறது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சே இல்லாதது ஆச்சரியம்.

மாறலாமா, வேண்டாமா?

பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே மாறிவிட்டார்கள். எனவே, பார்க்க வேண்டியது வெளியேறும் வழியைத்தான். எந்த வெப் ஆப்பில் வேலையைத் தொடங்கினாலும், முதல் நாளே டவுன்லோடு பட்டனைத் தேடிப் பாருங்கள். கூகுள் டாக்ஸும் ஜோஹோ ரைட்டரும் வேர்டு ஃபைலாகவே இறக்கித் தரும், வேறெங்கும் திறக்கலாம். கேன்வாவிலிருந்து பிடிஎஃப், பிஎன்ஜி எடுக்கலாம், ஆனால் திருத்தக்கூடிய டிசைனாக வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோவது கஷ்டம். ஃபிக்மாவின் ஃபைலை இறக்கி வைத்தாலும் அதைத் திறக்க ஃபிக்மாவேதான் வேண்டும். வெளியே வரும் கதவு எவ்வளவு குறுகலோ, அவ்வளவு யோசித்து உள்ளே போக வேண்டும்.

பகிர்ந்து செய்யும் வேலை, அடிக்கடி திருத்தும் வேலை, ஃபோனிலும் லேப்டாப்பிலும் மாறிமாறிப் பார்க்கும் வேலை பிரவுசரில் இருக்கட்டும். சொத்துப் பத்திரம், சான்றிதழ், வரி ஆவணம், குழந்தைகள் படம் போன்றவற்றுக்கு ஒரு பிரதி வீட்டில் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்க வேண்டும்.

அதற்கு கூகுள் டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. மெயில், டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாவற்றையும் ஜிப் ஃபைலாகத் தரும்; டாக்ஸ் எல்லாம் வேர்டு ஃபைலாகவே மாறி வரும், லிங்க்காக அல்ல. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று ஒரு வருடத்துக்குத் தானாகவே எடுக்கும்படியும் அமைக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: தயாரானதாக மெயில் வந்தால் ஒரு வாரத்துக்குள் டவுன்லோடு செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்த லிங்க் செத்துவிடும்.

ஆஃப்லைனும் அப்படித்தான். நெட் இல்லாமல் கூகுள் டாக்ஸில் எழுத முடியும், ஆனால் அந்த செட்டிங்கை நெட் இருக்கும்போதே குரோமிலோ எட்ஜிலோ ஆன் செய்திருக்க வேண்டும். ரயில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தால் பிரயோஜனம் இல்லை.

கல்லூரி ஐடி, ஆபீஸ் ஐடியில் இருக்கும் சொந்த ஃபைல்களை இந்த வாரமே சொந்தக் கணக்குக்கு நகர்த்திவிடலாம். சொந்தக் கணக்கின் மீட்பு நம்பர் இன்னும் நீங்கள் பயன்படுத்தும் சிம்தானா என்று பார்த்துவிடுங்கள். பழைய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் கணக்கைத் திறக்க முடியாமல் தவிப்பவர்கள் நிறைய. இரண்டு கட்ட சரிபார்ப்பு ஆன் செய்திருந்தால் கூகுள் 10 பேக்கப் கோடுகள் தரும். ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே செல்லும், 8 இலக்கம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் ஃபோட்டோஸில் வைக்க வேண்டாம், கணக்கு பூட்டினால் அதுவும் உள்ளேதான் இருக்கும். பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள்.